நாலு மணிக்கு மேல தண்ணி

இல்ல இல்ல, இருங்க, நீங்க சொல்லுதத என்னால ஒத்துக்கிட முடியாது. "வாய்தான பேசுனா, கை நீட்டலையே"ன்னு அந்த மேனேஜர் சொன்னாரு பாருங்க, அதத்தான் நீங்களும் சுத்திச் சுத்திச் சொல்லுதீங்க. காயம் இருந்தாத்தான் அடியா? கடற்கரை தாத்தா ஒடம்புல ஒரு கீறல் கெடையாது. ஆனா ஆஸ்பத்திரியில டாக்டரம்மா என்ன சொன்னாவ தெரியுமா? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆளு போயிருப்பாருன்னாவ. தண்ணி குடிக்காம. கைக்கு எட்டுத தூரத்துல செம்பு இருக்கு, டம்ளர் இருக்கு, குடிக்காம!

சரி, மொதல்ல இருந்து வாரேன். அப்பந்தான் கடைசியில நான் கேக்கப்போறதுக்கு நீங்க பதில் சொல்ல முடியும்.

எங்க வீட்டுக்கு அடுத்த வீடு மகாராஜா அண்ணாச்சி வீடு. அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து முக்குத வேலை. அவிய சம்சாரம் உமாக்கா அதே ஆபீஸ்ல பண்டல் போடுதா. காலையில ஏழரைக்கு வேன்காரன் தெருமுக்குல ஹாரன் அடிப்பான், ரெண்டு பேரும் தூக்குவாளியத் தூக்கிட்டு ஓடுவாவ. திரும்பி வர சாயந்தரம் ஆறரை ஆயிரும்.

அண்ணாச்சியோட அப்பாதான் கடற்கரை தாத்தா, அவரு பேரே கடற்கரைதான். புதூர் பக்கத்துல ஒரு ஊரு. ஆயுசு பூரா ஆடு மேச்ச மனுசன். போன ஆடியில பக்கவாதம் வந்து எடது பக்கம் விழுந்துட்டு. பேச்சு குழறும், ஆனா நெனவெல்லாம் தெளிவு. ஒண்ணுக்கு வந்தா தெரியும், எந்திரிக்கத்தான் முடியாது, ஒரு ஆளு வந்து தூக்கணும். பகல்ல வீட்டுல யாரு இருக்கா? ஒரு நாள் உமாக்கா வேலை முடிஞ்சு வந்து பாத்தா, தாத்தா கட்டிலுக்குக் கீழ கெடக்காரு. காலையில பதினோரு மணிக்கு விழுந்தவரு. அன்னைக்கு உமாக்கா அழுத அழுகைய நான் பாத்தேன். அதனால அவிய கொண்டுபோய்த் தள்ளிட்டாவன்னு யாரும் என்கிட்ட பேச வேண்டாம். பசுவந்தனை ரோட்டுல புதுசா ஒரு முதியோர் இல்லம், "நிழல்குடில்"னு பேரு, அங்கன சேத்தாவ. இருபத்தாறு பேரு இருக்காவ. ஏழு மாசம் ஆச்சு.

போன மாசி மாசம் ஒரு சனிக்கெழம காலங்காத்தால காளியக்கா வந்து எறங்குனா. தாத்தாவோட மக, காளீஸ்வரி. அவளுக்கு ஊர்லயே கல்யாணம், முப்பது ஆடு வச்சிருக்கா. எட்டு வயசுல இருந்து அப்பாகூட ஆட்டுக்குப் பின்னால நடந்தவ. பள்ளிக்கூடப் பக்கமே போனதில்ல. அவ சாதாரணமாப் பேசுனாலே மூணாவது வீட்டுக்குக் கேக்கும். ஒரு பையில சீனியவரக்கா வத்தல், இன்னொன்னுல குதிரவாலி அரிசி, கையில ஒரு பாட்டில் ஆட்டுப்பால்.

"மைனி, அப்பா எப்படி இருக்காவ?"

உமாக்கா வேனுக்கு சடைய முடிஞ்சிட்டே சொன்னா. "நல்லாருக்காவ காளி. வெரதம் ஆரம்பிச்சிட்டாவபோல. பகல்ல தண்ணிகூட வேண்டாங்குதாவளாம். அங்க வேலை பாக்குத பிள்ள போன் பண்ணிச்சு. நான் சொல்லிட்டேன், எங்க மாமா வருசா வருசம் சாஸ்தா கோயில் உத்திரத்துக்கு அப்படித்தான், பொழுது அடைஞ்சாத்தான் பல்லுல தண்ணி படும், வற்புறுத்தாதீங்கன்னு."

காளியக்கா பாட்டிலக் கீழ வச்சா.

"உத்திரத்துக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கே மைனி. அப்பா வெரதம் கடைசிப் பத்து நாள்தான?"

"வயசாயிட்டுல்லா. நாளு மறந்திருப்பாவ."

"எந்த ஆடு எந்த அமாவாசைக்குச் சென ஆச்சுன்னு இன்னைக்கும் சொல்லுத மனுசன், நாள மறப்பாராக்கும்?"

ஹாரன் அடிச்சிட்டான். உமாக்கா செருப்ப மாட்டிட்டே என்னப் பாத்து, "ஏட்டி பிரித்தி, இவள ஒன் வண்டியில அங்கன கொண்டு விட்ருதியா? லைப்ரரிக்குப் பெறவு போய்க்கிடு"ன்னுட்டு ஓடிட்டா. நான் குரூப் ஃபோருக்குப் படிக்கேன், அன்னைக்குப் படிச்சது ஒரு எழவும் இல்ல.

பசுவந்தனை ரோட்டுல அப்ப வெயில் பத்து மணிக்கே பல்ல இளிச்சிட்டு. ரெண்டு பக்கமும் கரிசக்காடு வெடிச்சுக் கெடக்கு, கால விட்டா முழங்கால் வரைக்கும் போவும் அம்புட்டு வெடிப்பு. பருத்திமாரப் பிடுங்கிக் குமிச்சு வச்சிருக்காவ. இல்லத்துக்கு ஒட்டுனாப்ல ஒரு களம், அதுல மொளகா வத்தல் காயப்போட்டிருக்கு, பூமி முழுக்க செவப்பு. நெடி ஏறி ரெண்டு பேரும் தும்மிட்டே எறங்குனோம். எனக்கு அந்தச் செவப்பப் பாத்ததும் கை சும்மா இருக்குமா? ஸ்டேட்டஸ் வைக்கலாம்னு போன எடுத்து வீடியோ எடுத்துட்டே காம்பவுண்டு ஓரமா நடக்கேன். அப்பந்தான் ஜன்னல் வழியா அந்தச் சத்தம்.

"ஏ கெழடு, மறுபடியும் நனைச்சிட்டியா? சோத்தத் திங்கத் தெரியுது, அடக்கத் தெரியாது? குடி, நல்லாக் குடி, குடிச்சிட்டு பேஞ்சு தொலை! பெத்த பிள்ளையே மூக்கப் பொத்திட்டு இங்கன எறிஞ்சிட்டுப் போயிருக்கு, அள்ளிப்போட நான் என்ன ஒனக்கு நேந்து விட்டவளா? ஒருத்தியும் செத்துத் தொலையவும் மாட்டேங்கியோ. இதுல பகல்ல மூணு விரிப்பு, ராத்திரி நாலு! மூதி, தூக்குடி காலை!"

நான் அப்படியே நின்னுட்டேன். போன் கையில ஓடிட்டே இருக்கு. செவப்பு வத்தல் படம், அதுக்கு மேல அந்தக் கொரலு.

காளியக்கா நிக்கல. கேட்டத் தள்ளிட்டு நேரா உள்ள போயிட்டா, நான் பின்னாலயே ஓடுனேன். ஒரே நீள ஹாலு, நடுவுல அரைச்சுவரு, இந்தப் பக்கம் ஆம்பளைய, அந்தப் பக்கம் பொம்பளைய. திட்டுனது யோகலட்சுமின்னு ஒரு அக்கா, நாப்பது வயசு இருக்கும். நர்சிங் உதவியாளருன்னு நீலக் கோட்டு. திட்டு வாங்குனது செண்பகவல்லி ஆச்சி. ஆச்சி செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தா, சேலை நனைஞ்சிருக்கு. ஒருத்தி திட்டு வாங்க, ஹால்ல உள்ள அத்தன பேரும் கண்ண மூடிட்டுக் கேட்டுட்டுக் கெடக்காவ. ஒரு ஆளத் திட்டுனா இருபத்தாறு பேருக்கும் சேத்துத்தான்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது.

யோகலட்சுமி எங்களப் பாத்ததும் மொகத்த மாத்திட்டா. "வாங்கக்கா, யாரப் பாக்கணும்?" கொரல்ல அப்படி ஒரு தேனு.

தாத்தா சன்னலோரக் கட்டில்ல கெடந்தாரு. ஒதடு அந்தக் கரிசக்காடு மாதிரியே வெடிச்சிருக்கு. கண்ணு குழியில போயிட்டு. மகளப் பாத்ததும் கண்ணு கலங்கணும்லா? கலங்கல. கலங்கவும் தண்ணி வேணும்லா ஒடம்புல.

"எப்பா, நான் காளி வந்திருக்கேன். வாயில என்ன வச்சிருக்கீரு?"

கன்னம் ஒரு பக்கம் லேசாப் பொடச்சிருந்துச்சு. பின்னால இருந்து யோகலட்சுமி சொல்லுதா, "அத ஏன் கேக்கீங்க, கல்லத் திங்குதாரு. நாலு நாளா இதே கூத்து. பிடுங்கிப் போட்டா பைக்குள்ள இருந்து இன்னொண்ண எடுத்து வாயில போடுதாரு. புத்தி பேதலிச்சிட்டுக்கா."

காளியக்கா வெரல விட்டு எடுத்தா. வெள்ளையா, புளியங்கொட்ட அளவுல, மழுமழுன்னு ஒரு ஓடக்கல்லு.

அத முந்தானையில தொடச்சு உள்ளங்கையில வச்சிப் பாத்தா. பெறவு என்னப் பாத்துத்தான் சொன்னா, மெதுவா. காளியக்கா மெதுவாப் பேசி அன்னைக்குத்தான் கேட்டேன்.

"பிரித்தி, இது திங்குத கல்லு இல்லட்டி. சித்திரையில ஆட்டுக்கிடைய வேற எடத்துக்கு மாத்திப் போவும்போது ரெண்டு நாள் நடைக்குத் தண்ணி இருக்காது. கொண்டு போன தண்ணி குட்டிகளுக்குத்தான். அப்ப அப்பா இதத்தான் வாயில போட்டுக்கிடும், எனக்கும் ஒண்ணு குடுக்கும். கல்லு கெடந்தா எச்சி ஊறும், தாகம் தெரியாது. தண்ணி குடிக்கக்கூடாதுன்னு இருந்தாத்தான் கல்லப் போடுவோம். எங்க அப்பா தாகத்த அடக்குதாருட்டி. செம்பு நெறைய தண்ணிய வச்சிட்டு அடக்குதாரு."

தாத்தாகிட்ட குனிஞ்சு, "எதுக்குப்பா? எதுக்குக் குடிக்கல?"ன்னா.

தாத்தா யோகலட்சுமி நிக்குத பக்கம் பாத்தாரு. பெறவு கட்டில் விரிப்ப வலது கையால தடவிக் காட்டுனாரு. ஒரே ஒரு வார்த்த, குழறிக் குழறி. "நனைஞ்சிரும்."

அம்புட்டுத்தாங்க! ஏழு மாசம் அந்த வாயக் கேட்டுக் கேட்டு, ஆயிரம் ஆட்ட அதட்டுன மனுசன் அந்த முடிவுக்கு வந்திருக்காரு. குடிச்சாத்தான நனையும், நனைஞ்சாத்தான திட்டுவா. நாமளும் வீட்டுல இருந்துக்கிட்டு "வெரதம், வற்புறுத்தாதீங்க"ன்னு போன்ல சொல்லியிருக்கோம்.

காளியக்கா யோகலட்சுமியப் பாத்து திரும்புனா பாருங்க. "எவட்டி ஒனக்கு நாக்கக் குடுத்தது!"ன்னு ஒரு சத்தம். களத்துல வத்தல் கிண்டிட்டிருந்த பொம்பளையெல்லாம் ஓடி வந்துட்டாவ. நான் 108-க்குப் போன் போட்டுட்டேன். தாத்தாவத் தூக்கிட்டு வெளிய வரும்போது செண்பகவல்லி ஆச்சி காளியக்கா சேலையப் பிடிச்சு, "தாயி, இவரு பகல்லயும் குடிக்காம இருந்தாரு, அதான் இப்படி. நாங்கள்லாம் நாலு மணிக்கு மேலதான் நிப்பாட்டுவோம்"ன்னா. என்னமோ நல்ல பழக்கத்தச் சொல்லுத மாதிரி சொன்னா!

பெரியாஸ்பத்திரியில ட்ரிப் ஏத்துனாவ. சாயந்தரம் அண்ணாச்சியும் உமாக்காவும் வேன்ல இருந்து நேரா அங்க வந்துட்டாவ, கையில மருந்துக் கறையோட. கொஞ்ச நேரத்துல இல்லத்து மேனேஜர் மணிகண்டபிரபு வந்தாரு. நெத்தியில சந்தனம், கையில ஒரு பை ஆப்பிள்.

"அண்ணாச்சி, சின்ன விசயத்த ஏன் பெருசாக்குதீங்க? அவ வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கிடுதேன். ஆனா கை நீட்டுனாளா? ஒரு காயம் காட்டுங்க, நானே அவளப் போலீஸ்ல குடுக்கேன்."

"காயம் உள்ள இருக்கு, வாயத் தொறந்து காட்டச் சொல்லவா?" இது காளியக்கா.

"யம்மா, நீங்க படிக்காதவிய, ஒங்களுக்குத் தெரியாது. வயசானா தாகமே தெரியாது, அது மெடிக்கல்."

"படிக்காதவதான் சார். முப்பது ஆட்டுல ஒண்ணு தண்ணி குடிக்கலன்னா அடைக்கதுக்குள்ள எனக்குத் தெரியும். இருபத்தாறு மனுசரு குடிக்காதது ஒமக்குத் தெரியல. நீரு எந்தப் படிப்பு படிச்சீரு?"

பக்கத்துக் கட்டில்காரவிய சிரிச்சிட்டாவ. மேனேஜர் ஆப்பிளக் கீழ வச்சிட்டு, பெறவு வாரேன்னு போயிட்டாரு. அந்த ஆப்பிள யாரும் தொடல.

அதுக்குப் பெறவு வராண்டாவுல குடும்பத்துக்குள்ள நடந்தது இருக்கே.

"என்ன மகனாண்ணே நீ? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போனியே, ஒரு நாளாவது செம்பத் தூக்கிப் பாத்தியா?"

"போவும்போதெல்லாம் அந்தப் பிள்ள ஐயா ஐயான்னு தாங்குச்சு காளி. எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா மொகத்தப் பாத்தாத் தெரியாது?"

"நீ பேசுவ. நீ மாசத்துக்கு ஒரு தடவ வந்து பேசிட்டுப் போவ. பீ, மூத்தரம் அள்ளுனது யாரு, என் பொண்டாட்டிலா!"

"என்ன விட்ருங்க"ன்னா உமாக்கா. அது வரைக்கும் செவுத்துல சாஞ்சு நின்னவ. "மாமா குடிக்காததுக்கு நானும்தான் காரணம். வற்புறுத்தாதீங்கன்னு சொன்ன வாய் என் வாய். ஆனா ஒண்ணு கேக்கேன், வியாழக்கெழம டிஸ்சார்ஜுங்காவ. எங்க கொண்டுபோவ? வீட்டுக்குக் கொண்டு போனா நான் வேலைய விடணும். அங்கனயே திரும்ப விட்டா செத்துருவாவ. சொல்லுங்க, யாராவது சொல்லுங்க."

அண்ணாச்சி கையில இருந்த மருந்துக் கறையச் சொரண்டிட்டு நின்னாரு.

காளியக்கா எந்திரிச்சு வார்டுக்குள்ள போனா. தாத்தா அப்பவும் வாய்த் தண்ணி குடிக்கல, நர்சு குடுத்துப் பாத்து விட்டுட்டாவ. ஒதட்டப் பூட்டுன மாதிரி வச்சிருக்காரு. காளியக்கா டம்ளர வாய்கிட்ட வச்சிட்டு, ஒதடக் குவிச்சு லேசாச் சீட்டி அடிச்சா. பாட்டெல்லாம் இல்ல, ஒரே இழுவையா, காத்து மாதிரி. ஊருணியில ஆட்ட எறக்குனா அப்படித்தான் அடிப்பாவளாம், யாரும் அங்கன சத்தம் போடக் கூடாதாம், அதட்டுனா ஆடு குடிக்காமத் திரும்பிருமாம். தாத்தா ஒரு கண்ணத் தொறந்து மகளப் பாத்தாரு. "நான் என்ன ஆடா, களுத"ன்னு திட்டுனாரு. குழறலாத்தான் வந்துச்சு, ஆனா எல்லாருக்கும் புரிஞ்சிட்டு. திட்டிட்டு, குடிச்சாரு. அர டம்ளர்.

உமாக்கா முந்தானையால வாயப் பொத்திட்டா.

கத இத்தோட முடிஞ்சிருந்தா நான் ஒங்களக் கேக்கதுக்கு ஒண்ணுமில்ல. செவ்வாக்கெழம மத்தியானம் காளியக்கா, "வண்டிய எடு பிரித்தி"ன்னா. "எங்கக்கா?" "அந்த ஆச்சி நாலு மணிக்கு மேல நிப்பாட்டுவோம்னு சொன்னால்லா. எனக்கு மூணு நாளா சோறு எறங்கல."

நாங்க போவும்போது மணி மூணே முக்கால். மேனேஜர் இல்ல. யோகலட்சுமி மட்டும் வாசல் கேட்டுப் பக்கத்துல நிக்கா, கண்ணெல்லாம் வீங்கிப்போய். மேனேஜர்கிட்ட நல்லா வாங்கியிருப்பாபோல.

"என்ன, இன்னும் பாக்கி இருக்கா திட்டுததுக்கு?"

"திட்ட வரல. தண்ணி குடுக்க வந்தேன். அத்தன பேருக்கும்."

யோகலட்சுமி கேட்ட அகலமாத் தொறந்து விட்டா. "வாங்க மகராசி. நீங்களே குடுங்க. நீங்களே தூக்குங்க, நீங்களே தொடைங்க, நீங்களே தொவைங்க. நான் இன்னைக்கு ஒக்காந்து பாக்கேன்."

"பாரு."

நானும் போன ஜன்னல் மேடையில சாச்சு வச்சி வீடியோவ ஓட விட்டேன். தண்ணி குடுக்கத ஆதாரமா வச்சிக்கிடலாம்னுதான். காளியக்கா ஒவ்வொரு கட்டிலா போனா. மொதல்ல யாரும் குடிக்கல. வேண்டாம்மா, வேண்டாம் தாயின்னாவ. "நான் இருக்கேன், நனைஞ்சா நான் மாத்துதேன், குடிங்க"ன்னு அவ சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தரா குடிச்சாவ. யப்பா, எப்படிக் குடிச்சாவங்கீங்க! தொண்டையில இருந்து சத்தம் வருது. செண்பகவல்லி ஆச்சி மூணு டம்ளர் குடிச்சா. குடிச்சிட்டு சிரிச்சா.

அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சிட்டு. ஒருத்தரத் தூக்கி கக்கூஸுக்குக் கொண்டுபோறதுக்குள்ள இன்னொருத்தரு நனைச்சிருதாவ. காளியக்கா தூக்குதா, தொடைக்கா, விரிப்ப உருவுதா. நான் ஈர விரிப்பக் கொண்டுபோய் தொட்டியில போடுதேன். நாலாவது விரிப்ப அலசும்போது கொழாய்ல காத்து வருது. மேல்தொட்டியில தண்ணி அடியில போயிட்டு. "லாரி நாளைக்குத்தான்"ன்னா யோகலட்சுமி, ஒக்காந்த எடத்துல இருந்து. புழுக்கம், நெடி, வத்தல் காரம் வேற கண்ணுல. காளியக்கா அன்னைக்குக் காலையில இருந்து ஒரு டீதான் குடிச்சிருந்தா.

செண்பகவல்லி ஆச்சிக்கு ரெண்டு தடவ மாத்தியாச்சு. ஏழாவது விரிப்பு, அதுதான் கடைசி காஞ்ச விரிப்பு, அத ஆச்சிக்கு விரிச்சு படுக்க வச்சிட்டு இவ நிமிந்திருப்பா, ஆச்சி மறுபடியும் நனைச்சிட்டா.

"ஏ கெழவி, இப்பத்தான மாத்துனேன்! பேஞ்சு தொலைக்கதுக்குன்னே குடிச்சியா?"

காளியக்காதாங்க. என் காதால கேட்டேன். அதே வார்த்த!

ஆச்சி கைய நீட்டி, பக்கத்துல இருந்த டம்ளர எடுத்து மெதுவாக் கவுத்தி வச்சா.

யோகலட்சுமி சிரிப்பான்னு நெனச்சேன். சிரிக்கல. எந்திரிச்சு நின்னுட்டா.

காளியக்கா அப்படியே கட்டில் ஓரத்துல, அந்த ஈரத்துலயே ஒக்காந்தா. ஒக்காந்து, ஹால் பூரா கேக்க, "ஆச்சி, நான் பேசுனது தப்பு. இந்தா எல்லாரும் கேட்டுக்கிடுங்க, நான் பேசுனது பெரிய தப்பு"ன்னா.

ஆச்சி சொல்லுதா, "இருக்கட்டும் தாயி. பழகிட்டு."

"பழகக் கூடாது!"ன்னு கத்துனா காளியக்கா. "பழகக் கூடாது ஆச்சி, அது எப்படிப் பழகும்?" அழுகையும் கோவமும் ஒண்ணா வருது அவளுக்கு.

அப்பத்தான் யோகலட்சுமி வாயத் தொறந்தா. "ரெண்டு மணி நேரத்துல ஒங்களுக்கும் அந்த வாய் வந்துட்டு. நான் பதினாலு மணி நேரம் நிக்கேன். வேலைக்கு ரெண்டே பேரு, படுக்கையில இருபத்தாறு ஆளு. லாரித் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்க. நாலு மணிக்கு மேல தண்ணி குடுக்காத, குடுத்தா நீதான் தொவைக்கணும்னு சொன்னது யாரு தெரியுமா? ஆப்பிளோட ஆஸ்பத்திரிக்கு வந்தாருல்லா, அவருதான். தீப்பெட்டி ஆபீஸ்ல நான் வேலை பாக்கும்போது ஃபோர்மேன் என்ன இந்த வார்த்தையெல்லாம் சொல்லித்தான் கூப்பிடுவான். எனக்கும் அப்ப பழகிட்டு."

காளியக்கா கண்ணத் தொடச்சிட்டு அவள நேராப் பாத்தா. "தண்ணிய அடைச்சது அவன். சரி. அவன நான் விடமாட்டேன். ஆனா வாயத் தொறந்தது நீதான? நான் ஒரு தடவ பேசிட்டு செத்தவ மாதிரி இருக்கேன். நீ ஏழு மாசம் தெனமும் பேசிட்டு எப்படிச் சோறு தின்ன? இப்ப சொல்லு, அந்த ஆச்சி மொகத்தப் பாத்து, அன்னைக்குச் சொன்னத அப்படியே சொல்லு பாப்போம்."

யோகலட்சுமி ஆச்சியப் பாத்தா. வாய் ரெண்டு தடவ அசைஞ்சுது. வரல. அன்னைக்கு ரோடு வரைக்கும் கேட்ட கொரலு, அரை வார்த்த வரல. அவ மன்னிப்பும் கேக்கல, அதையும் சொல்லிருதேன். அலமாரியத் தொறந்து, எங்கயோ ஒளிச்சு வச்சிருந்த ரெண்டு காஞ்ச விரிப்ப எடுத்துட்டு வந்து, ஆச்சிய அந்தப் பக்கம் பிடிச்சா. காளியக்கா இந்தப் பக்கம் பிடிச்சா. மாத்துனாவ. டம்ளர் கவுந்தபடியேதான் இருந்துச்சு, நாங்க கெளம்புத வரைக்கும்.

வியாழக்கெழம தாத்தாவ காளியக்கா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. ஆட்டுக்கிடை பக்கத்துல வேப்பமரத்துக்கடியில கயித்துக்கட்டில். "நனைஞ்சா நனையட்டும் மைனி, கீழ கரிசமண்ணுதான, அம்புட்டையும் குடிச்சிரும்"னுட்டுப் போனா. காளியக்கா ஆட்டோட போற நாள்ல புருசன் பாக்கணும், புருசன் போனா அவ. எத்தன நாளைக்குன்னு அவளுக்கே தெரியல. சனிக்கெழம வேலை முடிஞ்சதும் உமாக்கா பஸ் ஏறிப் போயி, ஞாயிறு முழுக்க பாக்குததா ஏற்பாடு.

தாத்தா தப்பிச்சிட்டாரு. மிச்சம் இருபத்தஞ்சு பேரு?

திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறோம். மனு நான்தான் எழுதுனேன். தண்ணி, ஆளு, விரிப்பு, வாய், எல்லாத்தையும் போட்டிருக்கேன். ஆனா வெறும் பேப்பரு. "வாய்தான பேசுனா"ன்னு அங்கயும் ஒருத்தரு சொன்னா? என் போன்ல ரெண்டு வீடியோ இருக்கு. ஒண்ணுல செவப்பு வத்தலும் யோகலட்சுமி கொரலும். இன்னொண்ணுல காளியக்கா மொகமும் காளியக்கா வாயும். யோகலட்சுமி, தண்ணிய நிப்பாட்டச் சொன்னது யாருன்னு சொன்னதும் அதுலதான் இருக்கு. மொதல் வீடியோவுல அந்த மேனேஜரப் பத்தி ஒரு பேச்சு இல்ல, அவரு மொகம் ஒண்ணுலயும் இல்ல.

வீடியோ விசயம் எப்படியோ தெரிஞ்சு, நேத்து மேனேஜர் அண்ணாச்சிக்குப் போன் பண்ணி, அந்தப் பிள்ளைய வேலைய விட்டுத் தூக்கிருதேன், வீடியோவ அழிக்கச் சொல்லுங்கன்னாராம். அண்ணாச்சி, "அழிச்சிரு பிரித்தி, காளி பேரு கெட்டுப்போவும்"ங்காரு. யோகலட்சுமி என் நம்பர எப்படியோ வாங்கி, "என் மக காலேஜ்ல படிக்கா, அவ பாத்தா நான் என்ன செய்வேன்"னு ஒரு வாய்ஸ் போட்டிருக்கா. மன்னிப்புன்னு ஒரு சொல்லு அதுலயும் இல்ல. மொதல் வீடியோவ மட்டும் நெட்டுல போட்டா அவள ஊரே கிழிக்கும், மேனேஜர் அவள அனுப்பிட்டு வேற ஒருத்தியக் கொண்டுவந்து நிறுத்துவாரு, நாலு மணிக்கு மறுபடி செம்பக் கவுத்திருவாவ. காளியக்காவக் கேட்டா, ஆட்டுச் சத்தத்துக்கு நடுவுல போன்ல கத்துதா, "ரெண்டையும் போடுட்டி! என் மொகத்த மறைக்காத. பேசுனவ பேசுனவதான்!"

ஒரு நாள் ஒரு தடவ வாய் தவறி, அங்கனயே ஒத்துக்கிட்டவளும், ஏழு மாசம் பேசிட்டு இன்னும் ஒத்துக்கிடாதவளும் ஒரே போஸ்ட்டுல பக்கத்துல பக்கத்துல நிக்கலாமா? நின்னாத்தான் பின்னால நிக்குத மேனேஜர் தெரிவாரோ? இப்பவும் மணி மூணரை ஆவுது, அங்கன ஆச்சி செம்பப் பாத்துட்டுத்தான் படுத்திருப்பா. சீக்கிரம் சொல்லுங்க, ரெண்டையும் போடட்டா? நீங்கன்னா என்ன செய்வீங்க?